களத்துக்கு எந்த நெடுவில்: யூவா, ஆஷா, ஒட்டுவில்லா?

இங்கிலாந்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச குடும்பங்கள் மோதிய ரோஜாப் போர்களை மீட்டு நடத்திக் காட்டும் குழுக்கள் பல இருக்கின்றன. அவற்றில் வில்லாளியாகச் சேர்பவர் முதல் கோடையை இரவல் வில்லோடு ஓட்டிவிடலாம். அடுத்த கோடைக்குள் சொந்த வில் வேண்டும். கையால் செய்த மரவில்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருப்பதில்லை. எந்த மரம், எத்தனை பவுண்டு விசை, ஒரே மரத்தில் செய்ததா, பட்டை பட்டையாக ஒட்டியதா, நாண் எது, அம்பு எது, மிச்சப் பணத்தில் முதலில் எந்த உடை என்றெல்லாம் கேட்கத் தொடங்கினால் ஆளுக்கொரு பதில் வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்க்களக் காட்சிக்கு ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தின் ஒரே கட்டையில் செதுக்கிய வில், சுமார் 30 பவுண்டு இழுவிசையில் (நாணை முழுக்க இழுத்துப் பிடிக்கத் தேவையான விசை). குறிப்பலகையில் எய்யவும், பழைய போர்வில் எப்படி இருந்தது என்று மக்களுக்குக் காட்டவும் ஆசை இருந்தால், அதற்குப் பிறகொரு நாள் தனி வில். இரண்டு வேலையையும் ஒரே வில்லில் முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் இரண்டுக்கும் பொருந்தாத வில்லோடு நிற்பதையே பார்த்து வருகிறேன்.

ஏன் என்பதற்குக் களத்தின் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். டியூக்ஸ்பரியில் 1471 மே 4 அன்று நடந்த போரை, ஆண்டுதோறும் ஜூலையில் அந்த ஊரிலேயே மீட்டு நடத்துகிறார்கள். அதுபோன்ற காட்சியில் எதிரே நிற்பவர்கள் மனிதர்கள். அவர்கள் மீதுதான் அம்பு விழப்போகிறது. அதனால் அம்பின் முனையில் இரும்பு இருக்காது. கண்குழிக்குள் நுழைய முடியாத அளவு அகலமான ரப்பர் குமிழ் இருக்கும். வில்லின் இழுவிசைக்கு உச்ச வரம்பு உண்டு. குழுவுக்குக் குழு மாறினாலும் 30 முதல் 35 பவுண்டுக்குள்தான் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். நேராக நெஞ்சைக் குறிவைத்து எய்யக் கூடாது. மேல்நோக்கி எய்து, அம்பு வளைந்து இறங்க விடவேண்டும். காட்சிக்கு முன் வில்லாளிகளின் தலைவர் ஒவ்வொரு வில்லையும் ஒவ்வொரு அம்பையும் கையில் வாங்கிப் பார்ப்பார். உங்கள் வில் 45 பவுண்டு என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடாரத்திலேயே கிடக்கும்.

பழைய போர்வில் இதற்கு நேர் எதிர்த் துருவம். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று சோலன்ட் நீரிணையில் மூழ்கியது. 1982 அக்டோபர் 11 அன்று அதன் உடலை மேலே தூக்கினார்கள். அதிலிருந்து முழுமையாகக் கிடைத்த வில்கள் மட்டும் 137. அம்புகள் மூவாயிரத்துக்கும் மேல். வில்களின் நீளம் 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை. மாதிரி வில் செய்து பார்த்தும் கணக்கிட்டும் ஆய்வாளர்கள் மதிப்பிட்ட இழுவிசை ஏறத்தாழ 100 முதல் 185 பவுண்டு. அந்தக் கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை நுனி எலும்பு இணையாமலே நின்றிருக்கிறது. சிறு வயது முதல் கனமான வில்லை இழுத்துப் பழகியதன் அடையாளமாக அது இருக்கலாம் என்கிறார்கள்.

ஆக, களத்தில் நாம் பிடிக்கும் வில் உண்மையான போர்வில்லின் பாதி வலுகூட எட்டாது. இதை ஒப்புக்கொண்டால் தெரிவு எளிதாகிறது. வலுவில் உண்மையாக இருக்க முடியாது என்னும்போது, வடிவிலும் மரத்திலும் செய்முறையிலும் உண்மையாக இருப்பதே நாம் செய்யக்கூடியது. அந்த உரைகல்லில் மூன்று வகை வில்களையும் உரசிப் பார்ப்போம்.

யூ

யூ என்ற ஊசியிலை மரத்தின் புகழ் வெறும் கதையல்ல. நம் தச்சர்கள் வைரம் என்று சொல்லும் நடுமரமும் வெளிறு என்று சொல்லும் வெளிமரமும் இந்த மரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறக்கின்றன. மஞ்சள் வெண்மையான வெளிறு இழுத்தால் நீளும், அறாது. செம்பழுப்பு வைரம் அமுக்கினால் தாங்கும், நசுங்காது. வில் வளையும்போது எய்பவருக்கு அப்பால் உள்ள முதுகு இழுபடுகிறது, அவரைப் பார்த்திருக்கும் வயிறு அமுங்குகிறது. முதுகில் மெல்லிய வெளிறு, வயிற்றில் வைரம் என்று ஒரே கட்டையில் செதுக்கிவிட்டால், இரண்டு மரங்களை ஒட்டிச் செய்யவேண்டிய வேலையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. மேரி ரோஸ் வில்கள் அனைத்தும் யூ மரமே.

நல்ல யூ அன்றைக்கே இங்கிலாந்தில் போதாமல் போயிற்று. குளிர்ந்த உயர்மலைச் சரிவில் மெதுவாக வளர்ந்த, வளையங்கள் நெருங்கிய மரம்தான் சிறந்தது. அது கடல் தாண்டி ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வரவேண்டியிருந்தது. 1472ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வரும் சரக்குக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்றது. மூன்றாம் ரிச்சர்டு 1484இல் இன்னும் இறுக்கினார்: மால்ம்சி என்ற இனிப்பு மதுவின் ஒவ்வொரு பெரிய பீப்பாய்க்கும் பத்துக் கட்டைகள். மது குடிக்கும் நாடு தன் வில்லுக்கான மரத்தை வரியாக வாங்கிக்கொண்டது.

இன்றைக்கும் நிலைமை அதேதான். வில் செய்பவர்கள் இத்தாலிய மலை யூவையோ அமெரிக்காவின் ஒரிகன் பக்கத்து யூவையோ தேடிப் போகிறார்கள். கட்டையை அறுத்துப் பல ஆண்டுகள் உலரவிட வேண்டும். முடிச்சு இருக்கும் இடத்தில் சுற்றிலும் கொஞ்சம் மரத்தை விட்டுச் செதுக்க வேண்டும். அங்கே அவசரப்பட்டால் அந்த இடத்திலேயே முறியும். இலையிலும் விதையிலும் நஞ்சு. செதுக்கும்போது எழும் தூள்கூட நல்லதல்ல. இவ்வளவும் விலையில் ஏறுகிறது. ஒரு யூ வில்லின் விலைக்கு ஆஷ் வில் இரண்டு மூன்று வாங்கிவிடலாம்.

யூ வில்லை 30 பவுண்டுக்குச் செய்யச் சொன்னால் பல வில்வினைஞர்கள் முகம் சுளிப்பார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவ்வளவு அரிய கட்டையைச் சீவிச் சீவிக் குச்சியாக்கிவிட்டு, மழைச் சேற்றில் ஆள்கள் இடித்துத் தள்ளும் இடத்துக்கு எடுத்துப் போவது அந்த மரத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. யூ வில் வாங்குங்கள். அதை உங்கள் தசைக்குப் பொருந்திய 50, 60 பவுண்டில் வாங்கி, குறிப்பலகைக்கும் செய்முறை விளக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். களத்துக்கு வேண்டாம்.

ஆஷும் அதன் உறவினரும்

யூ இல்லாத வில் வரலாற்றுக்குப் பொருந்தாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1188இல் வேல்ஸ் நாட்டைச் சுற்றி வந்த ஜெரால்டு என்ற மதகுரு, குவென்ட் பகுதி வில்லாளிகளின் வில் கொம்பிலும் செய்யப்படவில்லை, யூவிலும் செய்யப்படவில்லை, காட்டு எல்ம் மரத்தில் செய்யப்பட்டது, மெருகில்லாமல் கரடுமுரடாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கரடுமுரடான வில்லிலிருந்து கிளம்பிய அம்புகள், அபர்கவனியில் ஏறக்குறைய நான்கு விரல் தடிமனுள்ள ஓக் கதவைத் துளைத்தன என்பதும் அவர் குறிப்புதான். எட்டாம் ஹென்றி 1540களின் தொடக்கத்தில் இயற்றிய சட்டம் இன்னும் தெளிவானது. வில்வினைஞர்கள் யூ வில்லோடு சேர்த்து எல்ம், ஆஷ், ஹேசல் போன்ற மலிவு மரங்களிலும் வில் செய்தாக வேண்டும். வசதியுள்ள குடும்பம் என்றால் தவிர, பதினேழு வயது நிரம்பாதவர்கள் யூ வில்லில் எய்யக் கூடாது.

பழகுபவருக்கு மலிவு மரம், தேர்ந்தவருக்கு யூ என்பது அன்றைய ஏற்பாடே. ஆஷ் வில்லோடு களத்தில் நிற்கும் புதியவர் எதிலும் சமரசம் செய்துகொள்ளவில்லை. ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட எளிய வில்லாளி எப்படி நின்றிருப்பானோ அப்படித்தான் நிற்கிறார்.

ஆஷின் குறைகளையும் சொல்ல வேண்டும். இழுபடுவதை நன்றாகத் தாங்கும் மரம், அமுக்கத்தில் தளர்ந்துவிடும். யூவைப் போல ஒடுங்கிய, உருண்ட வயிற்றோடு கனமான வில்லாகச் செய்தால், நாணைக் கழற்றிய பிறகும் வில் எய்பவர் பக்கமே வளைந்து நிற்கும். அந்த வளைவு ஏற ஏற வேகம் குறையும். இங்கிலாந்தின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் ஏறும். இதற்காகவே கெட்டிக்கார வில்வினைஞர்கள் ஆஷ் வில்லைச் சற்று அகலமாகவும் வயிற்றை லேசாகத் தட்டையாகவும் விடுவார்கள். சிலர் வயிற்றுப் பக்கத்தைச் சூட்டில் வாட்டி இறுக்குவார்கள். 30 பவுண்டு வில்லில் மரத்தின் மேல் விழும் சுமை மிகக் குறைவு. அங்கே ஆஷின் இந்தக் குறை பெரிதாகத் தலைகாட்டாது. மாறாக, அதன் முரட்டுத்தனம் கைகொடுக்கும். கீழே விழுந்தாலும், ஈட்டிக்காரர் ஒருவர் தெரியாமல் மிதித்தாலும், துடைத்துவிட்டு எழுந்து வரலாம்.

விட்ச் எல்ம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. ஆனால் 1960களின் இறுதியில் பரவிய கொடிய எல்ம் நோய் பிரிட்டனின் எல்ம்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. ஆஷுக்கும் இப்போது அதே கதி. 2012 முதல் பிரிட்டனில் கண்டறியப்பட்டிருக்கும் பூஞ்சை நோய் காடுகாடாக ஆஷைக் கொன்று வருகிறது. நோய் முற்றி நெடுநாள் பட்டு நின்ற மரத்தின் கட்டை நொறுங்கும் தன்மை கொண்டது. எந்த நிலையில் வெட்டிய மரம் என்று வில்வினைஞரிடம் கேட்பது அவசியம். ஹேசல் எளிது, மலிவு, ஆண்டுதோறும் அடியிலிருந்து தழைக்கும். கையால் ஒரு வில் செய்து பழக அதைவிட நல்ல மரம் இல்லை.

ஒட்டுவில்

இரண்டு மூன்று மரப் பட்டைகளைப் பசையிட்டு ஒட்டி, ஒரே அச்சில் அழுத்தி எடுப்பது ஒட்டுவில். முதுகில் பெரும்பாலும் ஹிக்கரி, வயிற்றில் லெமன்வுட்டோ ஓசேஜோ மூங்கிலோ. குறி எய்பவர்கள் மத்தியில் இதற்குத்தான் அதிக மதிப்பு. அதற்குக் காரணமும் இருக்கிறது. கட்டைக்குக் கட்டை மாறும் இயல்பை ஒட்டுதல் சமப்படுத்திவிடும். நாண் கழற்றினால் நேராக நிற்கும். ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. இன்றைக்கு எய்த இடத்திலேயே நாளைக்கும் அம்பு போய் விழும். விலையும் நடுத்தரம்.

ஆனால் ஹிக்கரியும் ஓசேஜும் வட அமெரிக்க மரங்கள், லெமன்வுட் கியூபாப் பக்கத்து மரம். 1471இல் இங்கிலாந்தில் ஒருவரும் அவற்றைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. பக்கவாட்டில் பட்டைகளின் ஒட்டுக்கோடு நீளமாக ஓடும். மூன்று நிறப் பட்டை என்றால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். வேலி ஓரத்தில் நிற்கும் சிறுவன் அதைக் காட்டிக் கேட்டால், நாம் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும், அல்லது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாம்பல் நிறச் சாயம் பூசிக் கோட்டை மறைத்து அனுமதிக்கும் குழுக்களும் உள்ளன. அது அவர்கள் உரிமை. ஒட்டுவில் கையில் ஏற்கெனவே இருந்தால் முதல் பருவத்துக்கு அதையே கேட்டுப் பாருங்கள். புதிதாக வாங்கப் போகிறவர் களத்துக்காக அதை வாங்க வேண்டாம். கண்ணாடியிழை வைத்த வில்லைப் பற்றிப் பேசவே தேவையில்லை. எந்த நல்ல குழுவும் வேலிக்கு உள்ளே விடாது.

உங்கள் உடலுக்கு ஏற்ற வில்

மேரி ரோஸ் அம்புகள் பெரும்பாலும் 30 அங்குலம். காதுவரை இழுத்து எய்த ஆள்களுக்கு உரியவை. நம்மில் ஐந்தடி நான்கு, ஐந்தடி ஐந்து உயரமுள்ளவர்கள் கன்னம்வரை இழுத்தால் 26 அங்குலம்தான் வரும். வில்லில் பொறித்திருக்கும் பவுண்டு எந்த அங்குலத்தில் அளந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. 28 அங்குலத்தில் 40 பவுண்டு என்று எழுதிய வில், 26 அங்குலத்தில் நான்கைந்து பவுண்டு குறைவாகவே இழுக்கும். நேர்மாறாக, 26 அங்குலத்துக்குப் பதம் பார்த்த வில்லை நீண்ட கையுள்ள நண்பர் 29 அங்குலம் இழுத்துவிட்டால், முறிந்த இரண்டு துண்டுகளோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வில்வினைஞரை நேரில் பார்த்து, இழுத்துக் காட்டி, உங்கள் அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள். கையால் செய்த வில்லை வாங்குவதன் முழுப் பயனே இதுதான்.

நீங்களே செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம். இரண்டு நாள் பயிற்சி வகுப்புகள் நடத்தும் வில்வினைஞர்கள் இருக்கிறார்கள். கட்டணம், ஒரு நல்ல ஆஷ் வில்லின் விலைக்குப் பக்கத்தில் வரும். பணம் மிச்சமாகாது, கைக்கு அறிவு வரும். சீவுவது பாதி வேலைகூட இல்லை. மீதி வேலை, வில்லைச் சுவரில் மாட்டி நாணைக் கீழே சிறிது சிறிதாக இழுத்து, எந்த இடம் விறைப்பாக நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சுரண்டி, மறுபடி இழுத்துப் பார்ப்பது. மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே சீராக வளையும்வரை பொறுமை வேண்டும். இந்த வேலையை ஒருமுறை செய்தவர், பிறகு எந்த வில்லைக் கையில் எடுத்தாலும் அது எங்கே நோகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்.

பழைய வில்லை இரண்டாம் கையாக வாங்குபவருக்கும் அந்தக் கண் வேண்டும். முதுகில் ஓடும் ஆண்டு வளையம் ஓரிடத்திலும் அறுபடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயிற்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால் அங்கே மரம் நசுங்கிவிட்டது, வேண்டாம். நாண் பூட்டி, நண்பரை இழுக்கச் சொல்லித் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பாதி மட்டும் முழங்கைபோல மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

நாணும் அம்பும்

அன்றைய நாண் ஹெம்ப் என்ற கஞ்சாச் செடி இனத்து நார் அல்லது ஆளிநார். தெற்குக் கரையில் இருக்கும் பிரிட்போர்ட் ஊர், ஹெம்ப் கயிற்றுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர்போனது. தேன்மெழுகு தேய்த்த ஆளிநார் நாணுக்கு ஓர் இனிமையான ஒலி உண்டு. ஆனால் நார் எங்கே நைந்திருக்கிறது என்று வெளியே தெரியாது, முன்னறிவிப்பில்லாமல் அறும். இழுத்த வில்லில் நாண் அறுந்தால் அந்த விசை முழுக்க மரத்துக்குள் போய் வில்லே சிதறலாம், பக்கத்தில் நிற்பவருக்கும் அடிபடலாம். நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும் களத்தில் அதற்கு இடம் தரக் கூடாது. ஆளிநார் நிறத்தில் டேக்ரான் என்ற செயற்கை இழை நாண் கிடைக்கிறது. இரண்டு கெஜம் தள்ளி நின்றால் வேறுபாடு தெரியாது. இந்த ஓர் இடத்தில் நான் புதுமையின் பக்கம். ஆனால் நவீனப் போட்டி வில்களுக்கான, கொஞ்சமும் நீளாத இழைகளைத் தவிருங்கள். அவை மரவில்லின் நுனியை அறுத்துவிடும். நுனியில் கொம்பு பொருத்தியிருந்தால் ஓரளவு தாங்கும். மேரி ரோஸ் வில்களிலும் கொம்பு நுனிகள் இருந்தன. கடல் அவற்றைத் தின்றுவிட்டது. ஒன்றே ஒன்று கிடைத்தது.

அம்பில் இருவேறு தேவைகள் இன்னும் கூர்மையாகப் பிரிகின்றன. மேரி ரோஸ் அம்புகளில் பெரும்பாலானவை பாப்லர். பர்ச், ஆஷ் போன்றவையும் உண்டு. தடித்த தண்டு, நீண்ட இறகு, கனமான முனை. 30 பவுண்டு வில் அப்படிப்பட்ட அம்பைத் தூக்கிச் செல்லத் திணறும். களத்துக்கு மெல்லிய பைன் தண்டு போதும். கேதார வகைத் தண்டுகள் நேராகப் பறக்கும், ஆனால் நீளவாக்கில் கூராகப் பிளக்கும் வழக்கம் உண்டு. மனிதர்கள் மேல் எய்ய நான் அவற்றைப் பயன்படுத்த மாட்டேன். இறகு வாத்து இறகாக, வெள்ளையோ சாம்பலோ. ஒளிரும் பச்சையும் இளஞ்சிவப்பும் வேண்டாம். காட்சி முடிந்தபின் களத்தில் கிடக்கும் அம்புகளில் பாதியைக் காலணிகள் மிதித்திருக்கும். ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்து, சிறு விரிசல் தெரிந்தாலும் அங்கேயே முறித்துப் போடவேண்டும். முறித்துப் போட மனம் வரும் விலையில் களத்து அம்பை வாங்குங்கள்.

காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 1461 மார்ச் 29 அன்று டவ்ட்டன் போரில் பனி கலந்த காற்று லங்காஸ்டர் படையின் முகத்தில் அடித்தது. யார்க் வில்லாளிகளின் அம்புகள் காற்றோடு போய் விழ, எதிர்த்து வந்தவை எட்டாமல் நிலத்தில் குத்தி நின்றன. 150 பவுண்டு வில்லுக்கே அந்தக் கதி என்றால், ரப்பர் தலை சுமந்த நம் அம்பு காற்றில் எந்தப் பக்கமும் போகும். பார்வையாளர் வேலிப் பக்கம் காற்று வீசினால் எய்வதை நிறுத்த வேண்டும். நல்ல தலைவர் உள்ள குழுவில் இதை யாரும் தர்க்கம் செய்வதில்லை.

முதுகில் தொங்கும் தூணி வேண்டாம். அன்றைய ஆங்கிலேய வில்லாளிகள் அம்புகளை இடைவாரில் செருகினார்கள், அல்லது துணிப்பையில் வைத்தார்கள். இறகு நசுங்காமல் இருக்கப் பைக்குள் 24 துளைகளிட்ட வட்டத் தோல் இருந்தது. மேரி ரோஸில் அவை கிடைத்திருக்கின்றன. 24 அம்பு ஒரு கட்டு.

உடையும் மற்றவையும்

வில்லுக்கு ஒதுக்கிய பணத்தைவிட அதிகமாக உடைக்கு ஒதுக்கச் சொல்வேன். காட்சி முழுக்க மக்கள் உங்கள் வில்லைப் பார்க்கும் நேரம் கொஞ்சம். முகாமில் கஞ்சி காய்ச்சும்போதும் விறகு பிளக்கும்போதும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். இங்கே மூன்று வழிகள்: தைத்துக்கொள்வது, தைக்கக் கொடுப்பது, ஆயத்தமாகக் கிடைக்கும் மலிவு உடை. மூன்றாவதை விட்டுவிடுங்கள். அவற்றில் செயற்கை இழை கலந்திருக்கும். முகாம் நெருப்பின் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கம்பளி கருகி நின்றுவிடும்.

லினன் உள்சட்டை எளிய வெட்டு, நீங்களே தைக்கலாம். உள்தையலை இயந்திரத்தில் ஓட்டி, வெளியே தெரியும் இடத்தைக் கையால் முடித்தால் போதும் என்று பல குழுக்கள் ஏற்றுக்கொள்கின்றன. கம்பளிக் காலுறையும் அதைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடும் டப்லெட் என்ற மேற்சட்டையும் உடலோடு ஒட்டி இருக்கவேண்டியவை. அவற்றை அளவெடுத்துத் தைப்பவரிடம் கொடுங்கள். காலுறை சரியாக வெட்டப்படாவிட்டால் குனிந்து அம்பு பொறுக்க முடியாது. நிறத்துக்கு மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பு, வெல்டு செடியின் மஞ்சள், வோட் இலையின் நீலம் ஆகிய மூன்றுக்குள் தேடினால் தவறு நேராது.

பணம் முதலில் போகவேண்டியது காலணிக்கு. உள்புறம் வெளிவரத் திருப்பித் தைத்த, குதியில்லாத தோல் காலணி ஈரப் புல்லில் வழுக்கும். நனைந்தால் நாள் முழுக்கக் குளிரும். ஆனாலும் நவீன பூட்ஸ் போட்டவரின் நடையே வேறு. உங்கள் பாத அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள், உள்ளே கம்பளித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கவசத்தில் எது போதும் என்பதற்கு 1457ஆம் ஆண்டு பிரிட்போர்ட் படைப் பட்டியல் நல்ல வழிகாட்டி. ஊரார் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து என்ன ஆயுதம் கொண்டுவந்து காட்டினார்கள் என்று எழுதிவைத்த ஆவணம் அது. ஒருவரிடம் வில்லும் ஒரு கட்டு அம்பும், இன்னொருவரிடம் வாளும் சிறு கேடயமும், சிலரிடம் இரும்புத் தலைக்கவசமும் ஜாக் என்ற திணிப்புச் சட்டையும். எல்லாம் வைத்திருந்தவர் சிலரே. ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்கிக் குவிக்காத வில்லாளி வரலாற்றுக்கு நெருக்கமாகவே இருக்கிறார். 1483இல் லண்டனில் இருந்த இத்தாலியர் மான்சினி, எளிய வீரர்கள் இடுப்புக்குக் கீழே தொங்கும் மென்மையான திணிப்புச் சட்டை அணிந்ததையும், மென்மை கூடக்கூட அடியை நன்றாகத் தாங்கும் என்று அவர்கள் சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார். ஜாக் ஒன்றும், விளிம்பு அகன்ற இரும்புத் தொப்பி ஒன்றும் இருந்தால் களத்துக்குப் போதும். எதிர்ப்பக்க அம்புகள் இறங்கும்போது முகத்தைத் தாழ்த்தினால் அந்த விளிம்பு கண்ணைக் காக்கும். முன்கைக் காப்புக்கு ஒரு தோல் துண்டு, விரலுக்கு ஒரு தோலுறை. வில்லில் அம்பைத் தாங்கும் திட்டு இல்லாததால் அம்பு உங்கள் கை மேலேயே உரசிப் போகும். இறகின் தண்டு பிசிறாக இருந்தால் விரல் முட்டியைக் கிழிக்கும். அதை முன்கூட்டியே சீவி வழவழப்பாக்குங்கள்.

நம் நிறத்தோடு அந்தக் களத்தில் நின்றால் பொருந்துமா என்று தயங்கும் தமிழர்களைச் சந்தித்திருக்கிறேன். மேரி ரோஸ் ஆட்களில் எட்டுப் பேரின் பற்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, அவர்களில் மூவர்வரை தென் ஐரோப்பாவோ வட ஆப்பிரிக்காவோ போன்ற வெப்பமான நிலத்தில் வளர்ந்திருக்கலாம் என்கிறது. தயங்காமல் சேருங்கள்.

வில் கைக்கு வந்தபின் பராமரிப்பு எளிது. ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்து வையுங்கள். எய்யாத நேரத்தில் நாணைக் கழற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். மூலையில் சாய்த்து வைக்காமல் இரண்டு முளைகளின் மேல் படுக்கையாக வையுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது என்பதை உங்கள் வில்லைத் தொட்டுப் பார்க்கக் கேட்கும் ஒவ்வொருவரிடமும், வில்லைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.